சிபாரிசு அல்ல, சாட்சியம்

(ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டு அமர்வில், மஃரிப் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

     

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. இன்றைய அமர்வில் பொறியியல், கணக்குத் தணிக்கை, செவிலியர் படிப்பு ஆகியவை குறித்து அத்துறையினரே வந்து விளக்கினர். எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டு உங்களில் சிலர் புன்னகைத்ததை நான் கவனித்தேன். பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி என்பதே அத்தலைப்பு. மதரஸாவில் ஓதிய ஓர் ஆலிமுக்கும் பல் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். பல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஏனெனில் இந்த மஹல்லாவில் கடிதம் கேட்டு வருவோரில் பெரும்பாலோர் முதலில் தட்டுவது என் அறைக் கதவைத்தான்.

முதலில் ஒரு தெளிவு

நம் தமிழகத்தில் பி.டி.எஸ். படிப்பில் சேர எந்தப் பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. இதைப் பெற்றோர் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2017 முதல் நம் மாநிலத்தில் மருத்துவ, பல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் மதிப்பெண்ணையும், அதன் அடிப்படையில் நடைபெறும் கலந்தாய்வையும் கொண்டே நடக்கிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு 2007இல் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோருக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. அது பல் மருத்துவத்திற்கும் பொருந்தும். இவற்றுக்கு வேண்டியவை மதிப்பெண் பட்டியலும், சாதிச் சான்றும், பள்ளியில் பயின்றதற்கான சான்றும் போன்ற ஆவணங்களே. அமைச்சர் கடிதமும் வேண்டாம். ஆலிம் கடிதமும் வேண்டாம்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில், நம் பகுதியிலிருந்து ஒரு பேருந்தில் சென்றடையக்கூடிய தொலைவில், தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது அது. நம் தாய்மார்களில் எத்தனையோ பேர் பல் வலிக்காக அங்கே விடியற்காலையில் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்திற்குள் வரிசையில் நிற்காமல், வெள்ளைக் கோட்டு அணிந்து நம் பிள்ளைகள் நுழைய வேண்டும் என்பதே நம் ஆசை. ஆனால் அந்த ஆசையைக் காசாக்கும் தரகர்களும் உண்டு. 'மேலிடத்துச் சிபாரிசு இருக்கிறது, இடம் வாங்கித் தருகிறேன்' என்று எவரேனும் வந்தால், நகையை அடகு வைத்து அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அங்கே சிபாரிசுக்கு இடமில்லை என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் கடிதம் எங்கே தேவை?

வெளிநாட்டில் தேவை. அமெரிக்காவில் பல் மருத்துவம் பயில விரும்புவோர் பெரும்பாலும், அந்நாட்டின் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் பொது விண்ணப்ப முறையின் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். அதில் நான்கு மதிப்பீட்டுக் கடிதங்கள் வரை சேர்க்கலாம். அறிவியல் பாடம் நடத்திய பேராசிரியர்களின் கடிதம் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. அருகிலிருந்து பணியைக் கண்ட ஒரு பல் மருத்துவரின் கடிதத்தை விரும்பும் கல்லூரிகளும் உண்டு. நம் நாட்டில் பி.டி.எஸ். முடித்தவர்கள் அங்கே பட்டம் பெற விரும்பினால், வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கென உள்ள தனி விண்ணப்ப முறை ஒன்று இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் அப்படிப்பு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. அதற்கும் பேராசிரியர்களின் கடிதங்கள் வேண்டும். கல்லூரித் தலைவரின் கடிதத்தையும் பல இடங்களில் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே பல் மருத்துவத்திற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் அக்டோபர் 15க்குள் சென்று சேர வேண்டும். மாணவரின் பள்ளியோ கல்லூரியோ எழுதும் ஒரு பரிந்துரை அதனோடு இணைக்கப்படுகிறது.

கடல் கடந்து சென்று பல் மருத்துவம் பயில்வது நம்மவருக்குப் புதிதல்ல. 1890இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத் அவர்களை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அலிகரில் பயின்று, அமெரிக்கா சென்று, ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவ நிலையத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு 1919இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. 1949இல் அக்கல்லூரியை அவர் மாநில அரசிடமே ஒப்படைத்தார். 1964இல் பத்ம பூஷண் விருது அவரைத் தேடி வந்தது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளையே இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தாம் கற்றதைத் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளாமல், தம் நாட்டு மாணவர்களுக்குக் கல்லூரியாகவே கட்டித் தந்தவர் அவர். வெளிநாடு செல்ல விரும்பும் நம் பிள்ளைகள் அவருடைய வாழ்வைப் படிக்க வேண்டும்.

சொல்லில் உள்ள சிக்கல்

அன்பர்களே! 'சிபாரிசு' என்ற சொல் நம் காதில் எப்படி விழுகிறது? தகுதியில்லாதவனுக்கு ஆள்பிடித்து வாங்கித் தருவது என்றுதானே விழுகிறது? பழைய நாளில் பின்னி மில்லிலும் துறைமுகத்திலும் வேலைக்குச் சேர மேஸ்திரியின் வாய்ச்சொல் வேண்டியிருந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மில் 1996இல் மூடப்பட்டுவிட்டது. மேஸ்திரி போய்விட்டார், மேஸ்திரியைத் தேடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் பேராசிரியரிடம் கடிதம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அல்லது கூச்சமே இல்லாமல், பெரிய பதவியில் இருப்பவர் யார் என்று தேடி ஓடுகிறார்கள். இரண்டும் தவறு.

மார்க்கத்தில் ஷஃபாஅத் என்பது வேறு. ஷஹாதத் என்பது வேறு. ஷஃபாஅத் என்பது ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. நல்லதற்குப் பரிந்து பேசுபவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு; தீயதற்குப் பரிந்து பேசுபவருக்கு அதன் தீமையிலும் பங்குண்டு என்ற கருத்தைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. ஷஹாதத் என்பது சாட்சியம். கண்டதைக் கண்டவாறு சொல்வது. அதைக் கூட்டிச் சொல்லவும் கூடாது, மறைக்கவும் கூடாது. வெளிநாட்டுக் கல்லூரிகள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அக்கடிதத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'மதிப்பீட்டுக் கடிதம்' என்பதே. 'இவருக்கு இடம் கொடுங்கள்' என்ற வேண்டுகோளை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. 'இவரிடம் நீங்கள் கண்டது என்ன?' என்ற கேள்விக்கு விடையை எதிர்பார்க்கிறார்கள்.

நான் செய்த தவறு

இதை நான் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இந்தப் பள்ளிவாசலுக்குப் பணிக்கு வந்து மூன்றாண்டுகள் கூட நிறையாத காலம். ஒரு பெரியவர் தம் மகனை அழைத்து வந்தார். ஒரு நிறுவனத்தில் வேலைக்கு நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார். ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். 'இவரைச் சிறுவயது முதல் அறிவேன்' என்று அதில் இருந்தது. பெரியவரின் முகத்தைப் பார்த்து, மறுக்க மனமின்றிக் கையெழுத்திட்டு முத்திரையும் பதித்தேன். பத்து நாள் கழித்து அந்நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. 'எத்தனை ஆண்டுகளாக இவரை அறிவீர்கள்?' என்று கேட்டார்கள். நான் திணறினேன். 'எந்தப் பள்ளியில் படித்தார்?' என்றார்கள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும் என்று சொல்லி அவர்கள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். பின்னாளில் நான் நன்கு அறிந்த மிக ஒழுக்கமான இளைஞர் அவர். நல்லவரைப் பற்றி நான் சொன்ன பொய் அந்த நல்லவரையே கெடுத்தது. சில காலமாக ஃபஜ்ரு தொழுகையில் அவரைக் கண்டு வருகிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரும் மன்னித்தார். ஆயினும் அந்த முத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி மணி என் காதில் ஒலிக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட மூன்று கேள்விகள்

யாரிடம் கடிதம் கேட்பது என்பதற்கு ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஒரு நிகழ்ச்சியே நமக்கு வழிகாட்டி. அவர்கள் முன் சாட்சி சொல்ல ஒருவர் வந்தார். உம்மை அறிந்த ஒருவரை அழைத்து வாரும் என்று உமர் (ரலி) கூறினார்கள். அங்கிருந்த ஒருவர், நான் இவரை அறிவேன், நல்லவர் என்றார். அவரிடம் உமர் (ரலி) மூன்று கேள்விகள் கேட்டார்கள். இரவும் பகலும் இவரைக் காணும் அண்டை வீட்டாரா நீர்? இவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? குணத்தை வெளிக்காட்டும் பயணத்தில் இவரோடு சென்றிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே அவர் விடையளித்தார். அப்படியானால் நீர் இவரை அறியமாட்டீர் என்று சொல்லி, அறிந்த வேறொருவரை அழைத்து வருமாறு கூறினார்கள். பள்ளிவாசலில் தொழுததைத்தான் நீர் கண்டிருப்பீர் என்று அவர்கள் சொன்னதாகவும் ஓர் அறிவிப்பில் வருகிறது. அந்தச் சொல் என் போன்ற இமாம்களுக்கே உரியது. தொழுகை வரிசையில் நிற்பதை மட்டும் கண்ட நான், உங்கள் பிள்ளையின் கைத்திறனுக்குச் சாட்சி சொல்ல இயலாது.

மாணவர்களே! இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் கல்லூரிக்குப் பொருத்திப் பாருங்கள். அண்டை வீட்டார் என்பவர், உங்களை அன்றாடம் கண்டவர். நூற்றைம்பது பேர் அமர்ந்த வகுப்பில் பாடம் நடத்திய துறைத்தலைவர் அல்லர். ஆய்வகத்தில் உங்கள் மேசைக்கு அருகில் வந்து நின்ற உதவிப் பேராசிரியரே அவர். கொடுக்கல் வாங்கல் செய்தவர் என்பவர், உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துத் திரும்பப் பெற்றவர். ஒரு நோயாளியையோ, ஒரு முகாமையோ, ஓர் ஆய்வுக் கட்டுரையையோ நம்பி ஒப்படைத்தவர் அவர். பயணத் தோழர் என்பவர், சிரமத்தில் உங்களைக் கண்டவர். நீங்கள் தவறு செய்த நாளில் அருகில் இருந்தவரும், அதை நீங்கள் எப்படித் திருத்திக்கொண்டீர்கள் என்று அறிந்தவரும் அவரே. இம்மூவரில் ஒருவரின் எட்டு வரிக் கடிதம், பெயருக்குப் பின்னால் பத்துப் பட்டங்கள் உடையவரின் இரண்டு பக்கப் பொதுப்புகழ்ச்சியை விட மேலானது.

ஓர் இளம் மருத்துவரின் கதை

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. தந்தை ஆடுதொட்டியில் வேலை செய்பவர். நான்காண்டுப் படிப்பை முடித்து, ஓராண்டுப் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிந்து, பி.டி.எஸ். பட்டம் பெற்றவர். அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன், பெயரைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவருக்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. தந்தையோடு என்னிடம் வந்தார்.

'ஹஜ்ரத், ஒரு பேராசிரியர் நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அப்படிச் செய்யலாமா?' என்று கேட்டார்.

இது இந்தப் பிள்ளைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இது நடைமுறையாகவே இருக்கிறது. பேராசிரியருக்கு நேரமில்லை, மாணவருக்கு வேறு வழியில்லை. எளிதில் கூடாது என்று சொல்லிவிட்டு நான் எழுந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் ஐந்தாண்டு உழைப்பும், தந்தையின் கைகளும் என் கண்முன் இருந்தன. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் சொன்னேன்: 'மகளே, நீ செய்தவற்றை எழுதிக் கொடுப்பது உண்மையை நினைவூட்டுவது, அதில் குற்றமில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கமே நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது, மனிதன் மறப்பவன் என்பதால். ஆனால் உன்னைப் பற்றிய புகழ்ச்சியை நீயே எழுதி, அவருடைய வாயில் வைப்பது வேறு. அது சாட்சி இல்லாத சாட்சியம். ஆகவே கடிதம் எழுதாதே, குறிப்பு எழுது.'

அவ்வாறே ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தார். எந்த ஆண்டில், எந்தப் பாடத்தில், எந்தப் பிரிவில் அவரிடம் பயின்றார். அவர் மேற்பார்வையில் எத்தனை பல் அகற்றினார். எத்தனை வேர் சிகிச்சை, எத்தனை செயற்கைப் பல் வரிசை செய்தார். எந்தெந்த முகாமுக்குச் சென்றார். எந்தப் படிப்புக்கு, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கிறார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. இறுதியில் ஒரு நிகழ்ச்சியையும் எழுதினார். பல் பிடுங்க அஞ்சி மூன்று முறை நாற்காலியிலிருந்து எழுந்து சென்றுவிட்ட ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்தபடி, அன்று வேறு யாரையும் பார்க்காமல் அவர் அருகிலேயே இருந்து சிகிச்சையை முடித்த நிகழ்ச்சி அது. 'ஐயா, இது தங்களுக்கு நினைவிருந்தால் மட்டும் எழுதுங்கள்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

பேராசிரியர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, 'அந்த அம்மாவை எனக்கு நினைவிருக்கிறது. நானே எழுதுகிறேன்' என்றாராம். ஒரு வாரத்தில் அவரே எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மறுப்பும் ஓர் அருளே

இரண்டாவது பேராசிரியர் மறுத்துவிட்டார். 'உன் முகம் தெரியும், வேலை தெரியாது. என்னால் நல்ல கடிதம் எழுத முடியாது' என்றார். பிள்ளை அழுதுகொண்டே வந்தார். நான் சொன்னேன்: 'அம்மா, அவருக்காக துஆ செய். நான் அன்று அந்த இளைஞனுக்குச் செய்யாததை இவர் உனக்குச் செய்திருக்கிறார். தெரியாததைத் தெரியும் என்று எழுதாமல் உன்னைக் காத்திருக்கிறார்.' பின்னர் சமூகப் பல் மருத்துவத் துறையில், மீனவர் குப்பங்களுக்கு முகாம் சென்றபோது உடன் வந்த ஓர் இளம் விரிவுரையாளரை அணுகினார். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

ஆகவே மாணவர்களே, கேட்கும்போதே மறுப்பதற்கு வழிவிட்டுக் கேளுங்கள். 'எனக்கு ஒரு கடிதம் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். 'என் பணியை அறிந்தவர் என்ற முறையில், எனக்குச் சாதகமாக ஒரு கடிதம் எழுத இயலும் என்று கருதுகிறீர்களா, ஐயா?' என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி கூறி விலகிவிடுங்கள். தயக்கத்தோடு எழுதப்பட்ட கடிதம் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

புகழ்ச்சியின் ஆபத்து

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை வரம்பு மீறிப் புகழ்ந்தார். உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்ற கருத்தில் அவர்கள் கண்டித்தார்கள். புகழ்ந்தே ஆகவேண்டுமெனில், இவ்வாறு கருதுகிறேன் என்று அறிந்த அளவோடு சொல்லட்டும் என்றும் வழிகாட்டினார்கள். 'இவரே என் வாழ்நாளில் கண்ட மிகச்சிறந்த மாணவர்' என்று ஒரே பேராசிரியர் ஒரே ஆண்டில் ஐந்து பேருக்கு எழுதினால், ஐந்து பேரின் கழுத்தும் அறுபடும்.

நற்குணம் வேறு, துறைத்திறன் வேறு என்பதையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மதீனாவின் பள்ளிவாசலில் தாம் கண்ட பலரிடம் பொருளகத்தையே நம்பி ஒப்படைக்கலாம், ஆயினும் ஹதீஸ் கலை அவர்களுடைய துறை அன்று என்பதால் அவர்களிடமிருந்து ஹதீஸ் எதையும் ஏற்கவில்லை என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அதே இமாம் அவர்கள், எழுபது அறிஞர்கள் தமக்குத் தகுதி உண்டு என்று சாட்சி கூறிய பின்னரே மார்க்கத் தீர்ப்பு வழங்க அமர்ந்தார்கள் என்றும் வரலாறு சொல்கிறது. எங்கள் மதரஸாவில் ஸனது பெறும்போதும் இதுவே நிலை. உஸ்தாது தம் உஸ்தாதின் பெயரையும், அவர் தம் உஸ்தாதின் பெயரையும் சொல்லித் தொடரும் அந்தச் சங்கிலியில், தகுதியற்ற ஒருவருக்குக் கையெழுத்திட்டால் சங்கிலி முழுவதற்கும் அவப்பெயர். எனவே கடிதம் கேட்பது இழிவான செயல் அன்று. உங்கள் ஆசிரியரின் பெயரைச் சுமந்துசெல்ல அனுமதி கேட்பது அது.

நடைமுறைக் குறிப்புகள்

இனி, இவ்விண்ணப்பங்களை நேரில் கண்டவர்களிடம் கேட்டறிந்த சில செய்திகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

1. குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகக் கேளுங்கள். தேர்வுத்தாள் திருத்தும் காலத்திலும், கடைசி வாரத்திலும் கேட்பது ஆசிரியருக்குச் செய்யும் அநீதி.

2. முதலில் நேரில் சென்று கேளுங்கள். துறையின் வாசலில் நடந்து செல்பவரை நிறுத்திக் கேட்காமல், நேரம் கேட்டுச் சென்று அமர்ந்து பேசுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலில் எழுதி, குறிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் இணையுங்கள்.

3. அமெரிக்க முறையில் கடிதம் உங்கள் கைக்கு வராது. நீங்கள் ஆசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் பதிவு செய்தால், அவருக்கே ஓர் இணைப்பு செல்லும், அவரே பதிவேற்றுவார். கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாள், கையெழுத்து, தேதி, பதவி ஆகியவை இருக்க வேண்டும். கல்லூரி வழங்கிய மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள்.

4. அந்நாட்டில் 1974ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்வையிட உரிமை உண்டு. விண்ணப்பத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதே வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்றால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதுவார் என்று படிப்பவர்கள் நம்புகிறார்கள். நம் பிள்ளை தம் கடிதத்தைக் காணாததன் காரணம் இதுவே.

5. ஆசிரியரின் பெயரில் நீங்களே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, நீங்களே பதிவேற்றும் தந்திரத்தை எவரேனும் கற்றுக்கொடுத்தால் செவிசாய்க்காதீர்கள். அது மோசடி. பிடிபட்டால் விண்ணப்பம் மட்டுமல்ல, எதிர்காலமே போய்விடும். பிடிபடாவிட்டால், அதன் மீது கட்டப்படும் வாழ்க்கை முழுவதும் பொய்ச் சாட்சியத்தின் மீது நிற்கும்.

6. நாள் நெருங்கினால் ஒரு முறை பணிவோடு நினைவூட்டுங்கள். கடிதம் சென்றபின் நன்றி கூறுங்கள். முடிவு எதுவாயினும் ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். இடம் கிடைத்தவுடன் ஆசிரியரை மறந்துவிடுவது நம் பிள்ளைகளிடம் நான் காணும் பெருங்குறை. பரிசுப் பொருள் எடுத்துச் செல்லாதீர்கள். கடிதத்திற்கு முன் கொடுக்கும் பரிசு, பரிசு அல்ல.

ஜமாஅத்தாருக்கு

நிறைவாக நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். கல்வி உதவித்தொகைக்கும் வேலைக்கும் நம் அலுவலகத்திலிருந்து வழங்கும் கடிதங்களில் இனி மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை காலமாக அறிவோம், எந்த வகையில் அறிவோம், எதை அறிவோம் என்பனவே அவை. அறியாததை எழுத வேண்டாம். நம் முத்திரைக்கு அப்போதுதான் மதிப்பு வரும். அது நம் பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து வரும் மதிப்பு; ஒரு பொய்க் கடிதத்தால் அழிவதும் அனைவருடைய மதிப்பே.

பெற்றோரே! கடிதம் விண்ணப்ப மாதத்தில் எழுதப்படுவதில்லை. பிள்ளை கல்லூரியில் காலடி வைக்கும் முதல் நாளிலேயே அதன் முதல் வரி தொடங்கிவிடுகிறது. நேரத்திற்கு வருவதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், ஏழை நோயாளியை 'வாங்கம்மா' என்று அழைப்பதும், உடைத்த கருவியை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதும் யாரோ ஒருவர் மனத்தில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆசிரியர் அதைப் பின்னர் தாளில் படியெடுக்கிறார், அவ்வளவுதான். ஆசிரியரிடம் சென்று ஐயம் கேட்கப் பிள்ளைகளை ஊக்குவியுங்கள். நம் தெருப் பிள்ளைகள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். கடைசி இருக்கையில் அமர்ந்து, யார் கண்ணிலும் படாமல் ஐந்தாண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். காணப்படாதவருக்குச் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்பிள்ளையின் மூன்று கடிதங்களும் சென்றுவிட்டன. முடிவு இன்னும் வரவில்லை. இடம் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டாலும், அவரைப் பற்றி மூன்று பேர் உண்மையை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவரும் உண்மையை மட்டுமே கேட்டிருக்கிறார். அவருடைய தந்தை என்னிடம் ஒன்று சொன்னார்: 'ஹஜ்ரத், படிக்காதவன் நான். என் மகளைப் பற்றி ஒரு பெரிய மனிதர் தம் கையால் எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.' அவருக்குப் போதும். நமக்குப் போதாது, நம் துஆவில் அந்தப் பிள்ளையையும், இங்கு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்துக்கொள்வோம்.

கண்டதைச் சொல்லும் நாவையும், சொல்லத்தக்கபடி நடக்கும் வாழ்வையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.